கேட் மூடுறதுக்கு முன்னாடி: டீச்சரம்மா பதில்கள்

போன இதழ்ல "ஸ்கூலுக்கு லேட், லீவு பத்தின உங்க வீட்டுக் கதைய எழுதுங்க"ன்னு ஒரே ஒரு வரிதான் போட்டேன், லெட்டரும் மெயிலுமா வந்து குவிஞ்சிருச்சு. பாதி லெட்டர்ல ஸ்கூல் மேல கோவம், மீதில மாமியார் மேல கோவம். வாத்தியாருங்ககிட்டருந்து வந்த நாலஞ்சுல எல்லா கோவமும் பிள்ளைய விட வர்ற நம்ம மேலதான். 34 வருஷம் கேட்டுக்கு உள்ள நின்னவ, இப்ப பேத்திய விடுறதுக்காக கேட்டுக்கு வெளிய நிக்கிறேன், அதனால ரெண்டு பக்கத்து திட்டும் எனக்குப் பழக்கம். எல்லாத்துக்கும் பதில் எழுத எடிட்டர் இடம் தரமாட்டார், கிடைச்ச இடத்துல எழுதுறேன்.

எம் பொண்ணு நாலாவது படிக்கிறா, பிரைவேட் ஸ்கூல். 8.30க்கு பிரேயர், 8.35க்கு கேட்ட மூடிருவாங்க. போன வாரம் அஞ்சே நிமிஷம்தான் லேட்டு, ஃபர்ஸ்ட் பீரியட் முடியற வரைக்கும் வெளில வெயில்ல நிக்க வெச்சுட்டாங்க. அவ ஒரு தப்பும் பண்ணல, நான்தான் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன். இப்ப கொஞ்சம் லேட்டாகுதுன்னு தெரிஞ்சாலே ஸ்கூலுக்கே வரலன்னு அழறா. இப்படி நிக்க வைக்கலாமா?
– ஒரு அம்மா, தாம்பரம்

கூடாதும்மா. இதுல "ஆனா"வே கிடையாது. 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல 17வது பிரிவு இருக்கு, பிள்ளைங்கள அடிக்கவும் கூடாது, மனசு நோகற மாதிரி நடத்தவும் கூடாதுன்னு தெளிவா சொல்லுது, பிரைவேட் ஸ்கூல்ங்கறதால அதுலருந்து தப்பிச்சுட முடியாது. சட்டத்த விடுங்க, ஒன்பது வயசுப் பிள்ள ரோட்டோரம் முக்கால் மணி நேரம் நிக்கிது, உள்ள இருக்கறவங்களுக்கு அது "வெளில", வெளில இருக்கறவங்களுக்கு அது "ஸ்கூல் பிள்ள", அந்த நேரத்துல அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு? உள்ள விடணும், லேட் நோட்ல எழுதணும், கிளாஸுக்கு அனுப்பணும், அப்புறம் பெத்தவங்களக் கூப்பிட்டு உக்கார வெச்சு என்ன பிரச்சனைன்னு கேக்கணும். வண்டி ஓட்டினது நீங்க, நின்னது அவ. இந்தக் கணக்கு எந்த ஊர்லயும் சரி வராது.

இத ஸ்கூல்ல எப்படி கேக்கணும்னு சொல்றேன். காலைல கேட்டுல நின்னு வாட்ச்மேன்கிட்ட சண்டை போடாதீங்க, அவருக்கு சம்பளமே மூடுறதுக்குத்தான். சாயங்காலம் ஸ்கூல் விட்டப்புறம் பிரின்சிபாலப் பார்க்க டைம் கேளுங்க, என்னைக்கு, எத்தன மணிக்கு, எவ்வளவு நேரம் நிக்க வெச்சாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, "இனிமே எம் பிள்ளை லேட்டானா எனக்கு போன் பண்ணுங்க, என்னைய நிக்க வைங்க, அவள உள்ள விட்ருங்க"ன்னு சொல்லுங்க. சத்தம் போட்டு கேக்கறதவிட எழுதிக் குடுத்து கேக்கறதுக்கு எந்த ஆபீஸ்லயும் மரியாதை ஜாஸ்தி.

சரி, ஸ்கூல திட்டியாச்சு. இப்ப உங்க லெட்டரோட ரெண்டாம் பக்கத்துக்கு வருவோம், அங்க சின்ன எழுத்துல "வாரத்துல ரெண்டு நாள் இப்படி ஆயிடும்"னு எழுதியிருக்கீங்க. வாரத்துல ரெண்டு நாள்னா அது டிராஃபிக் இல்லம்மா. ஜிஎஸ்டி ரோடு உங்களுக்காக அந்த ரெண்டு நாள் மட்டும் நெரிசல் ஆகறதில்ல, தினமும் அப்படித்தான் இருக்கு, நாமதான் தினமும் புதுசா ஆச்சரியப்படறோம்.

என் பேத்தி வீட்லயே பார்க்கறேனே. 7.50க்கு எல்லாம் ரெடின்னு சொல்லுவாங்க, 7.52க்கு ஒரு சாக்ஸ காணோம், சோஃபாக்கு அடில தேடினா பழைய ஐடி கார்டு கிடைக்கும், புதுசு கிடைக்காது. டைரில கையெழுத்து போடலன்னு அப்பதான் ஞாபகம் வரும். "அம்மா, இன்னைக்கு சார்ட் பேப்பர் கேட்டாங்க"ன்னு அது லிஃப்ட்ல வெச்சு சொல்லும், எந்தக் கடை திறந்திருக்கும் அந்நேரம்? ஒரு பின்னல் போட்டு முடிஞ்சிருக்கும், இன்னொரு பின்னலுக்கான ரிப்பன பல்லுல கடிச்சுக்கிட்டே அது வண்டில ஏறும், சிக்னல்ல நிக்கிறப்ப என் மருமக பின்னாடி திரும்பி முடிச்சு போடுவா. இதுல எதுவுமே காலைல நடக்கற தப்பு இல்ல. எல்லாம் முந்தின ராத்திரி 9 மணிக்கு பண்ணியிருக்க வேண்டியது. பையும் ஷூவும் சாக்ஸும் கதவு பக்கத்துல ஒரே இடத்துல வைக்கிறது, டைரிய ராத்திரி சாப்பாட்டு மேஜைலயே திறந்து பார்க்கறது, இந்த ரெண்ட மட்டும் பண்ணிப் பாருங்க. தூக்கமும் இதுல சேரும், ஆறு வயசுலருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாம தூங்கணும், ராத்திரி 11 மணிக்கு படுத்த பிள்ளைய 6 மணிக்கு எழுப்பினா அது பல் தேய்க்கறப்பவே மறுபடி தூங்கும்.

பத்து நிமிஷம்தானேன்னு நினைக்கிறோம். அஞ்சாவது வரைக்கும் வருஷத்துக்கு 200 நாளாவது ஸ்கூல் நடக்கணும்னு அதே சட்டத்துல இருக்கு, 5 நாள் வாரம்னு வெச்சா 40 வாரம், உங்க கணக்குல வாரம் ரெண்டு நாள்னா 80 நாள், நாளைக்கு பத்து நிமிஷம்னா 800 நிமிஷம், 40 நிமிஷ பீரியடா பிரிச்சா 20 பீரியட் போச்சு. ஃபர்ஸ்ட் பீரியட் பெரும்பாலும் கணக்கோ இங்கிலீஷோ, அதுலயும் முதல் பத்து நிமிஷம்தான் "நேத்து எங்க விட்டோம்"னு டீச்சர் சொல்ற நேரம். லேட்டா வர்ற பிள்ளைக்கு பாடம் புரியாம இல்ல, எந்த இடத்துல நிக்கிறோம்னே தெரியாது. பக்கத்துல இருக்கறதுகிட்ட குசுகுசுன்னு கேக்கும், அதுக்கும் திட்டு வாங்கும்.

இவ்வளவு பேசற நானும் ஒரு தடவ பெரிய தப்பு பண்ணியிருக்கேன். 2019 ஜூன், சென்னைல ஏரியெல்லாம் வறண்டு தண்ணிக்கு அடிச்சுக்கிட்ட வருஷம். எங்க ஸ்கூல்ல எட்டாவது பையன் ஒருத்தன், ஸ்கூல் திறந்ததுலருந்து தினமும் லேட். பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன், பதினோராவது நாள் பிரேயர்ல எல்லார் முன்னாடியும் பேர் சொல்லி நிக்க வெச்சு, "துரைக்கு ராத்திரியெல்லாம் என்ன வேலையோ"ன்னு கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல போனப்பதான் பார்த்தேன், இடது தோள்பட்ட சட்ட மட்டும் நனைஞ்சிருக்கு, வேற எங்கயும் ஈரம் இல்ல. லாரி எட்டு மணிக்கு வந்து தெருமுனை சிந்தெக்ஸ் டேங்க்ல தண்ணி விடும், அம்மா வீட்டு வேலைக்குப் போயிருவா, அவன்தான் வரிசைல நின்னு ஆறு குடம் சுமந்து மூணாவது மாடிக்கு ஏத்தி வெச்சுட்டு வரணும். ஒரு வார்த்தை தனியா கூப்பிட்டு கேட்டிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். மறுநாள்லருந்து லாரி வர்ற நாள்ல 9.30 வரைக்கும் அவனுக்கு அனுமதின்னு கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லி வெச்சேன், அது பெரிய காரியமில்ல, ஆனா அந்த பிரேயர்ல நான் சொன்னத திருப்பி வாங்க முடியல. அதனாலதான் கேட்ட மூடுறவங்க மேல எனக்கு இவ்வளவு கோவம், கொஞ்சம் என் மேலயும் சேர்த்து.

பையன் எல்கேஜி. கொழுந்தனார் கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டா மிஸ் மூஞ்ச தூக்கி வெச்சுக்கறாங்க. எல்கேஜில என்ன ஐஏஎஸ் பாடமா நடத்தறாங்க?
– சேலம் வாசகி

போய்ட்டு வாங்க. பந்தில உக்கார்ந்து அப்பளத்த நொறுக்கறதும் படிப்புதான். ஆனா "கேக்கறது" வேற, "போய்ட்டு வந்து சொல்றது" வேற, முன்னாடியே நாலு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா மிஸ் மூஞ்சி இறங்கிடும். இன்னொண்ணு, இதே வாக்கியத்த ஒண்ணாவதுல "ஒண்ணாவதுதானே", ஆறாவதுல "ஆறாவதுதானே"ன்னு நீட்டிக்கிட்டே போற வீடுங்கள நான் நிறைய பார்த்திருக்கேன், உங்க வீடு அப்படி இல்லன்னு நம்பறேன்.

எங்க கிராமத்துலருந்து பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்கு ரெண்டு பிள்ளைங்க போறாங்க, ஒண்ணு ஏழாவது, ஒண்ணு நாலாவது. டவுன் பஸ் ஸ்கூல் ஸ்டாப்புக்கு வர்றதே 9.25க்குத்தான், ஸ்கூல் 9.10க்கு. அதுக்கு முந்தின பஸ் 7 மணிக்கு. தினமும் லேட்டுன்னு திட்டு. சின்னவனுக்கு காலைச் சாப்பாடும் போயிருது. நாங்க என்னங்க பண்றது?
– ஒரு அப்பா, விளாத்திகுளம் பக்கம்

இந்த லெட்டர்தான் என்னைய ரொம்ப நேரம் யோசிக்க வெச்சது, ஏன்னா இதுல பெத்தவங்க தப்பும் இல்ல, டீச்சர் தப்பும் இல்ல, பஸ்ஸுக்கு டைம் போட்ட பேப்பர்ல தப்பு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல மதுரைல ஆரம்பிச்சாங்க, 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் விரிவு பண்ணாங்க. ஒண்ணாவதுலருந்து அஞ்சாவது வரைக்கும், ஒருநாள் உப்புமா, ஒருநாள் கிச்சடி, ஒருநாள் பொங்கல்னு மாத்தி மாத்தி போடறாங்க, ஆனா எல்லாம் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி. பிள்ளை பசியோட உக்காரக்கூடாதுன்னு கொண்டு வந்த திட்டம், பஸ்ஸு 9.25க்கு வந்தா அது பசியோடதான் உக்காரும்.

நீங்க தனியா டிரைவர்கிட்டயும் கண்டக்டர்கிட்டயும் கேட்டுப் பிரயோஜனமில்ல, அவங்க கைல ஷெட்யூல் இல்ல. உங்க ஸ்கூல்ல பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும், எஸ்எம்சின்னு சொல்லுவாங்க. அந்தக் குழுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும், இது சட்டம், பேருக்கு கையெழுத்து வாங்கறதுக்கு இல்ல. அடுத்த கூட்டத்துல இத ஒரு தீர்மானமா போடச் சொல்லுங்க. தீர்மானத்துல புலம்பல் வேண்டாம், எந்த ரூட் பஸ், ஸ்டாப்புக்கு இப்ப எத்தன மணிக்கு வருது, எத்தன மணிக்கு வந்தா சரியா இருக்கும், அதுல வர்ற பிள்ளைங்க எத்தன பேர், எந்த எந்த கிளாஸ், அவ்வளவுதான். தலைமையாசிரியர் கையெழுத்தோட ஒரு காப்பி போக்குவரத்துக் கழக டிப்போ கிளை மேலாளருக்கு, இன்னொரு காப்பி திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல நடக்கற மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துல மனுவா. ரசீது வாங்காம திரும்பாதீங்க. போறப்ப ஒரு ஆள் போகாதீங்க, நாலு அம்மாக்கள கூட்டிட்டுப் போங்க. நாலு அம்மா சேர்ந்து போய் நின்னா மனு மேஜைலயே தூங்காது.

அதுவரைக்கும், அட்டென்டன்ஸ் காலைல ஒருதடவ, மத்தியானம் ஒருதடவ போடுவாங்க, இப்ப அத டீச்சர் போன்ல ஆப்லயும் ஏத்தறாங்க. 9.25க்கு பஸ்ல இறங்குற பிள்ளைங்கன்னு லிஸ்ட் ஒண்ணு கிளாஸ் டீச்சர்கிட்ட இருந்தா ஆப்சென்ட் விழாம பார்த்துக்குவாங்க. சின்னவனுக்கு கொஞ்சம் எடுத்து வைக்க முடியுமான்னு சமைக்கிற அக்காகிட்ட நேராவே கேளுங்க, வெக்கப்படாதீங்க.

எங்க பொண்ணு ஏழாவது படிக்கிறா. பெரிய மனுஷி ஆகி ஆறு நாள் ஆச்சு. பதினாறு நாள் வீட்டவிட்டு வெளிய வரக்கூடாது, சடங்கு முடிஞ்சப்புறம்தான் ஸ்கூல்னு எங்க மாமியார் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. அவளுக்கு அடுத்த வாரம் காலாண்டுப் பரீட்ச. நான் யார் பேச்ச கேக்கறது?
– பெயர் வேண்டாம், மதுரை

பொண்ணு பேச்ச கேளுங்க. அவ என்ன சொல்றான்னு உங்க லெட்டர்ல ஒரு வரி கூட இல்லையே.

முதல் மூணு நாலு நாள் உடம்பு அசதி, வயித்து வலி, ஒரு மாதிரி பயம், அதுக்கு வீட்ல இருக்கட்டும், உளுந்தங்களி குடுங்க, நல்லெண்ண குடுங்க, எனக்கும் எங்கம்மா குடுத்தாங்க, நான் அத குறை சொல்லமாட்டேன். ஆறாவது நாள்ல அவ நல்லாத்தான் இருக்கான்னா ஸ்கூலுக்கு அனுப்புங்க. சடங்க மாமியார் ஆசப்படி ஜாம் ஜாம்னு வைங்க, ஞாயித்துக்கிழமை பார்த்து வைங்க, தாய்மாமன் சீர் வரிசையோட வரட்டும். பரீட்சைய மாத்தி வைக்க முடியாது, மண்டபத்த மாத்தலாம். மாமியார்கிட்ட "நீங்க சொல்றது தப்பு"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா அன்னைக்கே தோத்துட்டீங்க, "அத்த, உங்க பேத்தி பரீட்ச எழுதாம போனா வாத்தியாருங்க நம்மளத்தான் பட்டிக்காடுன்னு பேசுவாங்க"ன்னு சொல்லிப் பாருங்க, கௌரவம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க.

திரும்பப் போறப்ப ஒரு லேடி டீச்சர்கிட்ட மட்டும் விஷயத்த சொல்லிடுங்க. பைல ஒரு சின்ன பர்ஸ்ல ரெண்டு நாப்கின், ஒரு மாத்து ஜட்டி, ஒரு பழைய பேப்பர். அரசுப் பள்ளின்னா புதுயுகம் திட்டத்துல நாப்கின் இலவசமா குடுக்கணும், குடுக்கறாங்களான்னு கேளுங்க. முக்கியமா ஸ்கூல் டாய்லெட்ல தாழ்ப்பாள் இருக்கா, தண்ணி வருதான்னு நீங்களே போய் ஒருதடவ பார்த்துட்டு வாங்க. ஏன்னா இந்தப் பதினாறு நாள் ஒரு தடவைதான், ஆனா தாழ்ப்பாள் இல்லாத டாய்லெட்டுக்கு பயந்துக்கிட்டு மாசம் மூணு நாள் லீவு போடற பொண்ணுங்கள நான் வருஷம் முழுக்க பார்த்திருக்கேன். ரிஜிஸ்டர்ல தேதிய வரிசையா பார்த்தாலே தெரியும், 4, 5, 6 ஜூலை, அடுத்து 2, 3, 4 ஆகஸ்ட். பல வருஷம் அத பார்த்தும் எனக்கு புரியல, பொம்பளையா இருந்தும்.

பையன் பத்தாவது, சிபிஎஸ்இ. ஸ்டேட் லெவல்ல நீச்சல் போறான், மேட்ச், கேம்ப்னு நிறைய லீவு. 75 பர்சென்ட் இல்லன்னா எக்ஸாம் எழுத விடமாட்டாங்களாமே?
– கோயம்புத்தூர் அப்பா

ஆமா, பத்தாவதுக்கும் பன்னெண்டாவதுக்கும் 75 பர்சென்ட் வேணும்ங்கறது சிபிஎஸ்இ விதி. உடம்பு சரியில்ல, வீட்ல துக்கம், தேசிய சர்வதேச அளவு விளையாட்டு மாதிரி காரணத்துக்கு 25 பர்சென்ட் வரைக்கும் சலுகை உண்டு, ஆனா பேப்பர் வேணும். ஸ்டேட் லெவல் அதுல சேருமான்னு ஸ்கூல்ல எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. பெத்தவங்க பண்ற தப்பு என்னன்னா, ஜூலைல போட்ட லீவுக்கு பிப்ரவரில சர்டிபிகேட் தேடறது. அப்பப்ப குடுத்து, "பெற்றுக்கொண்டோம்"னு சீல் வாங்கி ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

பக்கத்து வீட்டுப் பிள்ள ஸ்டேட் போர்டு பிளஸ் டூன்னா அவங்களுக்கும் இத சொல்லுங்க, ஒவ்வொரு சப்ஜெக்ட்லயும் இன்டர்னல் 10 மார்க்ல 2 மார்க் அட்டென்டன்ஸுக்கே இருக்கு, 80 பர்சென்ட்டுக்கு மேல வந்தா ரெண்டும், 75லருந்து 80க்குள்ளன்னா ஒண்ணும். ஆறு சப்ஜெக்ட்டுக்கு 12 மார்க், படிக்காமலே, வந்து உக்கார்ந்ததுக்கு. கட்ஆஃப்ல அரை மார்க்குக்கு அழற நாட்டுல இத விடுவாங்களா.

நான் ஒரு நர்சரி ஸ்கூல் மிஸ். நீங்க பெத்தவங்க கேள்விய மட்டும் போடறீங்க. எங்க ஸ்கூல் 3 மணிக்கு விடும். தினமும் ரெண்டு மூணு குழந்தைங்கள கூட்டிட்டுப் போக 3.45, 4 மணி ஆகும். கேட்டா "ஆன் த வே மிஸ்"னு சிரிக்கிறாங்க. எனக்கும் வீட்ல குழந்த இருக்கு, 3.20 பஸ்ஸ விட்டா 4.30தான்.
– திருச்சி

போட்டாச்சு மிஸ். காலைல அஞ்சு நிமிஷத்துக்கு கேட்ட மூடுற ஸ்கூல திட்டறோம்ல, சாயங்காலம் ஒரு மணி நேரம் லேட்டா வர்ற நம்மள யாரும் வெயில்ல நிக்க வைக்கறதில்ல.

என் பேத்தி ஸ்கூல்ல பார்த்தேன், நாலு வயசுப் பையன், பைய முதுகுலருந்து கழட்டவே மாட்டேங்கறான், கழட்டிட்டா அப்பா வந்ததும் கிளம்ப லேட்டாயிடுமாம். ஒவ்வொரு ஸ்கூட்டி சத்தத்துக்கும் எந்திரிச்சு நிக்கிறான், உக்கார்றான். வாட்டர் பாட்டில் காலி, ஆயாம்மா ரெண்டு தடவ ரொப்பிட்டாங்க. 3.50க்கு அப்பா வந்து "சாரிடா கண்ணா, மீட்டிங்"னார். அவனுக்கு மீட்டிங்னா என்னன்னு தெரியாது, எல்லாரும் போய்ட்டாங்கங்கறது மட்டும் தெரியும்.

பெத்தவங்களுக்கு: வர முடியாதுன்னா 3 மணிக்கு முன்னாடி போன் பண்ணுங்க, யார் வருவாங்கன்னு பேர் சொல்லுங்க, அந்த ஆளோட போட்டோ ஸ்கூல்ல முன்னாடியே குடுத்து வைங்க. "ஆட்டோ அண்ணன் வருவாரு"ன்னு வாட்ஸாப்ல ஒரு வரி போட்டா எந்த ஆட்டோ, எந்த அண்ணன்? மிஸ் அனுப்பாம இருந்தா கோவப்படாதீங்க, அனுப்பினாத்தான் கோவப்படணும். மிஸ்ஸுக்கு: இத நீங்க ஒருத்தரே சுமக்காதீங்க, 3.20க்கு மேல யார் இருப்பாங்கன்னு முறை வெச்சு மேனேஜ்மென்ட் முடிவு பண்ணணும், அந்த நேரத்துக்கு காசும் குடுக்கணும்.

எம் பொண்ணு மூணு வருஷமா நூறு பர்சென்ட் அட்டென்டன்ஸ் கப் வாங்கறா. இந்த வருஷம் காய்ச்சல்ல கொதிக்கறப்பவும் போவேன்னு அடம். அனுப்பிட்டேன், மத்தியானம் ஸ்கூல்லருந்து போன் வந்துச்சு.
– திருநெல்வேலி

அந்தக் கப்ப எனக்கு ஆரம்பத்துலருந்தே பிடிக்காது. உடம்புக்கு ஒண்ணும் வராத பிள்ளைக்கு பரிசு குடுக்கறாங்க, அதுல பிள்ளை பண்ணது என்ன? நான் எச்எம்மா இருந்தப்ப அத நிறுத்திட்டு, காரணத்த எழுதிக் குடுத்து லீவு போட்டவங்களுக்கும் சேர்த்து ஒரு பேனா குடுத்தேன், ஸ்டாஃப் ரூம்ல ஒரு மாசம் சிரிச்சாங்க.

மாத்திர போடாம 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருந்தாத்தான் அனுப்பணும். காலைல பாராசிட்டமால் குடுத்து அனுப்பறது மத்தியானம் வரைக்கும்தான் தாங்கும், அதுக்குள்ள பெஞ்ச்ல மூணு பேருக்கு குடுத்திருக்கும். அம்மை போட்டிருந்தா எல்லா கொப்புளமும் காஞ்சு பொருக்கு தட்டற வரைக்கும் வீட்லயே, நம்ம வீடுங்கள்ல வேப்பில கட்டி மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் எப்படியும் அனுப்பமாட்டோம், அந்த விஷயத்துல பாட்டியும் டாக்டரும் ஒரே கட்சி.

ஆறாவது படிக்கிற பையன். திங்கக்கிழமை காலைல மட்டும் வயித்து வலி. லீவுன்னு சொன்னா பத்து மணிக்கு கிரிக்கெட் ஆடறான். நடிக்கிறானா?
– பெரம்பூர்

வலி நிஜமா இருக்கலாம், காரணம் வயித்துல இல்ல. முதல்ல டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அப்புறம் திங்கக்கிழமை டைம்டேபிள எடுத்து பாருங்க, என்ன பீரியட், எந்த சார், பி.டி. பீரியட் இருக்கா, நீச்சலா, ஸ்பெல்லிங் டெஸ்ட்டா. வேன்ல பக்கத்துல யார் உக்கார்றா. "ஏண்டா போகமாட்டேங்கற"ன்னு கேட்டா "சும்மா"ன்னுதான் வரும், அதனால "மத்தியானம் யாரோட சாப்பிடற"ன்னு கேளுங்க. யாரோடயும் இல்லன்னு பதில் வந்தா அங்கருந்து பிடிங்க. ஒண்ணு மட்டும், லீவு குடுத்துட்டு கிரிக்கெட்டும் விடாதீங்க, வலின்னா கஞ்சி, போர்வை, டிவி கிடையாது. ஸ்கூல்ல யாராவது அடிக்கிறாங்க, தப்பா தொடறாங்கன்னு தெரிஞ்சா யோசிக்காம 1098க்கு போன் போடுங்க, பள்ளிக்கல்வி உதவி எண் 14417ம் இருக்கு.

ராத்திரி 11 மணிக்கு கிளாஸ் டீச்சருக்கு வாட்ஸாப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டா லீவ் லெட்டரா எடுத்துக்க மாட்டாங்களா?
– ஈரோடு

அவங்களுக்கும் ராத்திரி 11 மணிதாங்க அது.

நாலு வரி எழுதி பிள்ள கையிலயே குடுத்து விடுங்க, பிள்ளையே எழுதட்டும், கீழ நீங்க கையெழுத்து போடுங்க. ஆனா உண்மையான காரணத்த எழுதச் சொல்லுங்க. என் சர்வீஸ்ல வந்த லீவ் லெட்டர்ல பாதிக்கு மேல "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்"தான், அந்த ஒரு வரியத்தான் எல்லாருக்கும் மனப்பாடமா சொல்லிக் குடுத்திருக்கோம். ஒரு பையன் அக்கா கல்யாணத்துக்கு லீவு போட்டுட்டு ஃபீவர்னு எழுதிக் குடுத்தான், கையெல்லாம் மருதாணி.

எங்க சார் தினமும் ஃபர்ஸ்ட் பீரியடுக்கு பத்து நிமிஷம் லேட்டா வர்றார். நாங்க லேட்டா வந்தா வெளில நிக்கணும். சார் லேட்டா வந்தா யாரு நிக்கணும்?
– எட்டாம் வகுப்பு மாணவன், ஊர் பேர் போட வேணாம் டீச்சர்

போடலடா. கையெழுத்த பார்த்து கண்டுபிடிச்சிருவாருன்னு உன் லெட்டர டைப் அடிச்சுத்தான் எடிட்டருக்கு அனுப்பினேன். உன் கேள்வி நூத்துக்கு நூறு நியாயம், இத உங்க எச்எம்கிட்ட உங்க அப்பாவோ அம்மாவோ பேர் சொல்லாம கேக்கலாம், பெத்தவங்க கூட்டத்துல கேட்டா இன்னும் நல்லது. நீயா போய் கேக்காத. இந்தப் பக்கத்த மடிச்சு சார் டேபிள்ல வைக்கவும் செய்யாத, பத்து நிமிஷம் லேட்டா வந்தாலும் அவர் கண்ணு நல்லாத்தான் தெரியும்.